கிணற்றில் குதித்தவள் பிழைத்தாளா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சுக்கூடத்துக்கு என் முதல் நாவலைத் தூக்கிக்கொண்டு போனபோது, அதன் முதலாளி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் வாங்கி, மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார்.

"ஈரோடு வரைக்கும் தாங்குமா?" என்றார்.

நான் முழித்தேன். அவரே விளக்கினார். அவருடைய வாசகர் ஒரு ஜவுளி வியாபாரி. சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறுவார். வேட்டி மடிப்புக் கலையாமல் ஜன்னலோரம் உட்காருவார். வெற்றிலை போட்டு முடித்ததும் கைக்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில் ஒரு புத்தகம் வேண்டும். சங்ககிரி தாண்டுவதற்குள் ஒரு கொலை விழ வேண்டும். காவேரிப் பாலத்தின் மேல் வண்டி தடதடவென்று ஓடும்போது கொலைகாரன் அகப்பட வேண்டும். ஈரோட்டில் இறங்கும்போது புத்தகத்தை அப்படியே இருக்கையில் போட்டுவிட்டுப் போனாலும் அவருக்குக் கவலையில்லை.

"அந்த ஆளைத் தவிர யாரும் காசு கொடுத்துக் கதை வாங்க மாட்டான், வாத்தியாரே" என்றார் முதலாளி. பஞ்சாங்கமும் கல்யாணப் பத்திரிகையும் அச்சடித்துத் தொழிலில் நின்றவர். கதைப் புத்தகம் போடுவது அவருக்கு ஓர் ஆசை. ஆனால் அந்த ஆசையை யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் அப்போது ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். வித்துவான் பரீட்சைக்குப் படித்துப் பாதியில் விட்டவன். எனக்கும் மனதுக்குள் ஒரு வாசகர் இருந்தார். அவர் ரயிலில் போகிறவர் அல்லர். மூக்குக் கண்ணாடி போட்டு, ஜரிகை அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருப்பார். நான் எழுதும் ஒவ்வோர் உவமைக்கும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். அப்படி ஒரு மனிதரை என் வாழ்நாளில் நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் அவருக்காகவே சந்திரோதயத்தை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன்.

கதை தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தது. நான் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை. கதை என்றால் தஞ்சாவூரில்தான் நடக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஓர் எண்ணம். ஒரு ஜமீன்தாரின் மகளை ஒரு கிழவருக்குக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள். அவள் ஐயகோ என்று கதறுகிறாள். பலன் இல்லை. கடைசி அத்தியாயத்தில், அந்த இரண்டு பக்கச் சந்திரன் உதித்து முடித்த பிறகு, அரண்மனைக் கிணற்றில் குதித்து உயிரை விடுகிறாள்.

"சாகட்டும். செத்தா அழுவாங்க. அழுதா நாலு பேர்கிட்டச் சொல்லுவாங்க" என்று முதலாளி ஒப்புக்கொண்டார். கொலை இல்லாத குறையைச் சாவு தீர்த்துவிடும் என்று அவர் கணக்கு.

புத்தகம் வந்தது. ஜங்ஷனில் கூவி விற்பவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஜவுளி வியாபாரிகள் வாங்கவில்லை. மிச்சம் கிடந்த கட்டுகளை எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றித் திருச்செங்கோட்டுத் தேருக்குக் கொண்டுபோனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் நடுவே ஜமக்காளத்தை விரித்து என் நாவலைப் பரப்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. அங்கவஸ்திரம் போட்டவர் யாராவது வந்து பார்த்துவிடப் போகிறாரே என்று கூட்டத்துக்குள் ஒதுங்கி நின்றேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அங்கே விற்றது. தோட்டங்காட்டிலிருந்து வந்தவர்கள் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, அட்டையில் இருந்த பெண்ணின் படத்தைப் பார்த்து, வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு போனார்கள்.

"படிக்கவா வாங்கறாங்க? தேருக்கு வந்த அடையாளத்துக்கு வாங்கறாங்க. பொரி வாங்கற மாதிரி" என்றார் முதலாளி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்களை வாசகர்கள் என்று எங்கள் இருவரில் யாருமே நினைக்கவில்லை.

அடுத்த தை மாதம் ஒரு நாள், பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். முற்பகல் நேரம். வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். காதில் கனத்த தோடு. பின்னால் நின்ற இளம்பெண் தலையைக் குனிந்திருந்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சேலம் வந்தவர்கள் என்று கையில் இருந்த துணி மூட்டையே சொல்லியது. மகன் காப்பி குடிக்கப் போயிருப்பதாகவும், அதற்குள் ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் போக வந்ததாகவும் பெரியவர் சொன்னார்.

"ஏனுங்க, இந்தப் புஸ்தகம் அச்சுப் போட்டது இங்கதானுங்களா?"

துண்டில் சுற்றியிருந்ததை அவிழ்த்தார். என் நாவல். மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் ஏறி, முனைகள் எல்லாம் மடங்கி, ஒரு வருஷத்தில் நூறு வருஷம் வாழ்ந்திருந்தது.

"இங்கதாம்மா" என்றார் முதலாளி. புகார் வருகிறதோ என்று அவர் குரல் தணிந்தது.

"அப்படின்னா நீங்களே சொல்லுங்க. இதுல கடைசியில அந்தப் புள்ள பொழைக்குதுங்களா, சாவுதுங்களா?"

"நீங்க படிக்கலீங்களா?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. எம் மருமவ படிச்சா. நாங்க தோட்டத்துப் பொம்பளைக அத்தனை பேரும் உக்காந்து கேட்டம். கெணத்துல குதிச்ச புள்ள படியப் புடிச்சு மேல ஏறி வந்து பொழைச்சுக்கிச்சு. எல்லாருக்கும் நிம்மதியாப் போச்சு. இப்பப் பாருங்க, பக்கத்துத் தோட்டத்துலயும் இதே புஸ்தகம் வாங்கியிருக்கறாங்க. அவிய பையன் நாமக்கல்ல படிக்கறான். லீவுக்கு வந்தவன் படிச்சுக் காட்டுனானாம். அதுல புள்ள செத்துப்போச்சாம். 'உம் மருமவ பொய் படிக்கறா'ன்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா."

மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார். "எம் மருமவ பொய் படிக்க மாட்டாளுங்க. அப்ப நீங்கதான் ரெண்டு மாதிரி அச்சுப் போட்டிருக்கோணும். சரிதானுங்களா?"

மருமகள் படித்ததைச் சந்தேகிப்பதை விட, அச்சு யந்திரத்தைச் சந்தேகிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்த மாமியாரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

முதலாளி புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இருப்பது ஒரே அச்சு. அதில் அவள் செத்தே போகிறாள். நிமிர்ந்தார். மாமியாரின் தோளுக்குப் பின்னாலிருந்து அந்த இளம்பெண் முதன்முறையாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. கடைசி அத்தியாயத்தை அவள் படிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தன் வாயால் வேறு கதை சொல்லியிருக்கிறாள்.

முதலாளி பொய் சொல்லத் தயங்குகிறவர் அல்லர். ஆனால் இவ்வளவு வேகமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"பொழைக்கறாம்மா. முதல்ல அடிச்சதுல செத்துட்டா. ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. அப்புறம் மாத்தி அடிச்சோம். பக்கத்துத் தோட்டத்துல இருக்கிறது பழசு. உங்களது புதுசு."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்" என்றார். பிறகு முகம் மாறிற்று. "மொதல்ல கொன்னது யாருங்க?"

முதலாளி சிறிதும் கூசாமல் என்னைக் கை காட்டினார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஒரு பொட்டப்புள்ளைய எதுக்குங்க கெணத்துல தள்ளுனீங்க?"

"நான் தள்ளலீங்கம்மா. அவளாகத்தான் குதிச்சா."

"நீங்க எழுதாம அவ எப்படிங்க குதிப்பா?"

நான் கல்யாணப் பத்திரிகையில் மறுபடி பிழை தேடினேன். முதலாளி இதில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். "புது அச்சுத்தானான்னு சரி பார்த்துக்கலாம். பொழைச்சப்புறம் அவ என்ன பண்றாம்மா, சொல்லுங்க" என்று தூண்டிவிட்டார்.

பெரியவர் சொன்னார். கிணற்றை விட்டு ஏறிய ஜமீன்தார் மகள் ஈரப் புடவையோடு நடந்து நடந்து மேட்டூர் வந்து சேர்கிறாள். அங்கே அணை கட்டுகிற வேலை நடக்கிறது. எங்கெங்கிருந்தோ வந்த ஜனம் சோற்றுக்கு அல்லாடுகிறது. அவள் ஓர் இட்லிக் கடை போடுகிறாள். கடை நன்றாக நடக்கிறது. கட்டிக்கொள்ள வந்த கிழவர் ஒரு நாள் பசியோடு அங்கே வருகிறார். யார் என்று தெரியாமல் இட்லி தின்கிறார். அவள் காசு வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறாள்.

தஞ்சாவூரிலிருந்து மேட்டூருக்கு ஈரப் புடவையோடு நடக்க முடியுமா என்று கேட்க என் வாய் துறுதுறுத்தது. முதலாளி என் காலை மிதித்தார். அவர்கள் விடைபெற்றுப் போகும்போது, மருமகள் வாசற்படியில் திரும்பி, முதலாளியைப் பார்த்துக் கை கூப்பினாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் சந்து முனை தாண்டுவதற்குள் முதலாளி துள்ளினார். "அந்தக் கிழவன் இட்லி தின்னுட்டுப் போறான் பாருங்க! என்ன இடம் அது! அதையே அச்சடிச்சுடலாம், வாத்தியாரே."

நான் மாட்டேன் என்றேன். இலக்கிய தர்மம், துன்பியல் முடிவு என்று என்னென்னவோ பேசினேன். உண்மையில் எனக்குப் பொறாமை. கிழவர் இட்லி தின்னும் இடம் எனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சல். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட நான் சொன்னது பொய்யாப் போயிடக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு வேறொன்று உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒருத்தி படிக்கிறா, தோட்டமே கேக்குதாமே! அப்ப மத்தவங்க யாரும் வாங்க மாட்டாங்களே! அட்டையிலேயே போட்டுடணும்: 'இப்புத்தகத்தை ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாகாது.'"

சிரிப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அதற்கு எழுத்துக் கோக்கவே சொல்லிவிட்டார். கம்பாசிடர்தான், "அதையும் ஒருத்தர் படிச்சுத்தானுங்க மத்தவங்களுக்குச் சொல்லணும்" என்று சொல்லி அந்த யோசனையைக் கைவிட வைத்தார்.

சண்டை கோடை வரைக்கும் இழுத்தது. கடைசியில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். அந்தப் பெண்ணை நேரில் கண்டு பேசாமல் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்றேன். பள்ளிக்கூடம் சாத்தியதும், முதலாளி கொடுத்தனுப்பிய பஞ்சாங்கம் ஒன்றை அன்பளிப்பாக எடுத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன். இறங்கி வண்டித் தடத்தில் நடந்து விசாரித்தால், தோட்டம் சுலபமாக அகப்பட்டது. கதைப் புத்தகம் படிக்கிற ஊடு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயராகியிருந்தது.

மாமியார் வாய் நிறைய வரவேற்றார். "வாங்க சாமி, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரி இன்னைக்குக் கேக்க வாரா. அவளுக்குப் புது அச்சுப் படிச்சுக் காட்டோணும். எழுதுனவரே கூட இருந்தா வாயத் தொறக்க மாட்டா."

கொண்டுபோன பஞ்சாங்கத்தை அவரிடம் நீட்டினேன். மருமகள் என் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

பிற்பகலில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். விதைக்கு நிலக்கடலை உடைக்கிற வேலை. கூடத்தில் கடலையைக் குவித்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கு வெளியறையில் கயிற்றுக் கட்டில். கதவு திறந்திருந்தது. மருமகள் சுவரில் சாய்ந்து புத்தகத்தை விரித்தாள். ஓடு உடையும் சத்தம் சடசடவென்று கேட்டது. அதற்கு மேலாக அவள் குரல் எழுந்தது.

என் நாவல் எனக்கு மனப்பாடம். ஆகவே அவள் என்ன செய்கிறாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்தது. சந்திரோதயம் வரவே இல்லை. இரண்டு பக்கத்தை ஒரே தள்ளாகத் தள்ளி, "அன்னைக்கு நல்ல நெலா" என்று முடித்துவிட்டாள். அரண்மனையில் ஒரு மாட்டுக் கொட்டகை வந்திருந்தது. ஜமீன்தார் மகள் 'ஐயகோ' என்று கதற வேண்டிய இடத்தில் "அட சாமி" என்றாள். என் அங்கவஸ்திர வாசகருக்காக நான் கோத்து வைத்த உவமை ஒன்றுகூட அந்தக் கூடத்துக்குள் நுழையவில்லை. முதலில் காது சிவக்கக் கோபம் வந்தது. பிறகு நானே கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. அம்மா செத்த பிறகு மகள் அவளுடைய பழைய புடவையை முகர்ந்து பார்க்கிற இடம். அதை எழுத்து மாறாமல் படித்தாள். கடலை உடைகிற சத்தம் அங்கே நின்றது.

கிணறு வந்தது, படி வந்தது, மேட்டூர் வந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மாள் என் பக்கம் திரும்பி, "நெசமாலுமே இப்படித்தானுங்களா எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா. உங்களது பழைய அச்சு" என்றேன்.

முதலாளியின் பொய் என் வாயிலும் சரளமாக வந்தது. மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாரும் போன பிறகு, இளநீர் வெட்டச் சொல்ல மாமியார் தோப்புப் பக்கம் போனார். மருமகள் கடலை ஓட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஏம்மா மாத்துனீங்க?"

துடைப்பத்தை நிறுத்தினாள். நான் கோபமாக இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். "தப்புத்தானுங்க" என்றாள்.

"தப்புன்னு கேக்கல. தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அன்னைக்குக் கேக்க வந்தவிகள்ல ஒரு அக்கா இருந்தாங்க. இன்னைக்கும் வந்திருந்தாங்க, தூணோரமா. அவிய பொண்ணு அதுக்கு முந்தின வருசம் அப்படித்தானுங்க கெணத்துல போயிருச்சு. கட்டிக் குடுத்த எடத்துல. நான் கடைசிப் பக்கத்துக்கு வந்தனுங்க. அவிய கடலையக் கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கறாங்க. எனக்கு அத வாய்விட்டுப் படிக்க முடியலீங்க."

கடலை ஓட்டை முறத்தில் வாரிக்கொண்டே மேலே சொன்னாள்.

"எங்க பக்கத்துல இருந்து மேட்டூருக்கு வேலைக்குப் போனவிய, அங்க ஒரு பொம்பள தனியா இட்லிக் கடை வெச்சிருக்கறதாச் சொன்னாங்க. வாய்க்கு அதுதான் வந்துச்சுங்க. அந்தக் கெழவன் தானா வந்தான். அவனை நான் நெனைக்கவே இல்லீங்க."

இளநீர் வந்தது. குடித்தேன். தூணோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை நான் கவனிக்கவே இல்லை என்பது திரும்பும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. என் கதையைக் கேட்டவர்களில் அதற்கு மிக அருகில் இருந்தவர் அவர். அவரை மனதில் வைத்து நான் ஒரு வரியும் எழுதவில்லை. முதலாளியின் ரயிலிலும் அவருக்கு இடம் இருந்ததில்லை.

சேலம் திரும்பியதும், மாற்றி எழுதுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவளுடைய முடிவைத்தான் எழுதினேன். ஆனால் இட்லிக் கடையை எழுத உட்கார்ந்தால், தஞ்சாவூரை எழுதியது போல இதையும் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. பஸ்ஸைப் பிடித்து மேட்டூர் போனேன். அணை வேலை முடியும் தறுவாய். சிமிட்டித் தூசி, லாரிச் சத்தம், நாலைந்து பாஷை பேசும் கூட்டம். இட்லிக் கடைகள் நிறையவே இருந்தன. ஒரு கடை விடாமல் சாப்பிட்டேன். பெண் ஒருத்தி தனியாக நடத்திய கடையும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினாள். எந்த ஊர் என்று கேட்டேன். "சாப்புடுங்க, ஆறிப்போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வரியை அப்படியே புத்தகத்தில் போட்டுவிட்டேன்.

சந்திரோதயத்தை நானே எடுத்துவிட்டேன். ஜமீன்தார் மகள் தஞ்சாவூரை விட்டு நாமக்கல்லுக்குக் குடிவந்தாள். இரண்டாம் அச்சு முதலாளி எதிர்பார்த்ததை விட வேகமாகப் போனது. சேலத்தில் ஒரு வக்கீல் மட்டும் கடைவீதியில் என்னை நிறுத்தி, முதல் பதிப்பின் சந்திர வர்ணனை எங்கே போயிற்று என்று வருத்தத்தோடு கேட்டார். மூக்குக் கண்ணாடி, அங்கவஸ்திரம் எல்லாம் இருந்தன. இத்தனை காலம் கழித்து அவர் வந்து சேர்ந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டில் கிடந்த பழைய அச்சு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டாவது நாவலைக் கடலை உடைக்கும் பெண்களுக்கு என்றே எழுதினேன். யாரும் சாகவில்லை. யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருந்தார்கள். மழை பெய்தது, விளைந்தது, கல்யாணம் நடந்தது. அச்சு மை காயும் முன்பே எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். அடுத்த விடுமுறையில் தீர்ப்புக் கேட்கவும் போனேன்.

"படிச்சங்க" என்றார் மாமியார். மோர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஒரு எடத்துலயாச்சும் அழுவ வெச்சிருக்கலாமுங்க. எல்லாரும் சும்மா சும்மா நல்லவிகளாவே இருக்கறாங்க. எங்கூட்டுலயே அப்படி இல்லீங்களே!"

மருமகள் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. "நீங்க எதையும் மாத்தலீங்களா?" என்று அவளைக் கேட்டேன்.

"மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எவ்வளவோ முயன்று பார்த்தேன். முடியவில்லை.

முதலாளியிடம் வந்து சொன்னேன். அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன். ஒரு சாவாவது வேணும்" என்றார். ரயில் வியாபாரியை அவர் கைவிட்டு வெகு காலமாகியிருந்தது. இப்போது அவருடைய வாசகர் கடலை உடைத்துக்கொண்டே அழுகிற ஒரு பெரிய கூட்டம். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைத் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சில வருஷங்கள் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். வக்கீல் சந்திரன் வேண்டும் என்றார். மாமியார் அழ வேண்டும் என்றார். தூணோரத்து அம்மாள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. காகிதத்துக்குத் தட்டுப்பாடு. முதலாளி மறுபடியும் கல்யாணப் பத்திரிகைக்குத் திரும்பி, அதையும் அரையளவு அட்டையில் அச்சடித்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பழுப்புக் காகிதம் கிடைச்சிருக்கு. சின்னதா ஒரு கதை இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. ஒரு கோடையில் எழுதி வைத்திருந்தேன். யாருக்காக என்று நினைக்காமல் எழுதிய கதை. மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் மறு வருஷம் விதைப்புக்குக் கடலை உடைக்க வருகிறாள். அவ்வளவுதான் கதை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கையெழுத்துப் பிரதியோடு நாமக்கல் போனேன். தூணோரத்து அம்மாள் இருக்கிற இடத்தில் இதைப் படிக்கலாமா என்று மருமகளைத்தான் கேட்டேன். அவள் முதலில் தனியாக உட்கார்ந்து முழுதும் படித்தாள். பிறகு அந்த அம்மாளிடம் போய் என்னவோ பேசிவிட்டு வந்தாள்.

"படிக்கச் சொல்றாங்க. ஆனா நீங்களே படிக்கோணுமாம்" என்றாள்.

என் வகுப்பில் நான் குரல் எடுத்துப் படித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு முதல் வரியை இரண்டு தடவை ஆரம்பித்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தேன். ஓரிடத்தில் பெண்கள் தங்களுக்குள் யாரோ வீட்டு எருமை கன்று போட்ட சேதி பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இன்னொரு இடத்தில் கடலைச் சத்தம் நின்றது. அங்கே கோடு போடவில்லை. படித்து முடித்தேன். தூணோரத்து அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எம் புள்ளைக்கு மூக்குல மச்சம் இருக்குமுங்க. அதையும் எழுதிப் போடுங்க" என்றார்.

எழுதினேன். கதையில் மகளின் மூக்கில் மச்சம் வந்தது. பென்சில் கோடு விழுந்த இடங்கள் போயின. காகிதம் மிச்சமானதில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். புத்தகம் பழுப்பு நிறத்தில், உள்ளங்கையளவில் வெளிவந்தது. ஓரங்களில் மை ஊறியிருந்தது. அட்டைக்குப் படம் போட வழியில்லை. அந்தப் புத்தகம் எத்தனை பேரிடம் போயிற்று, யார் படிக்க யார் யார் கேட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது, ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். முதல் பிரதியை அந்த அம்மாளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. மச்சம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தின் முனையை மடக்கி வைத்துக்கொண்டார்.